சொற்கள் கவுஞ்சியில் இருந்தன

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டுவம்பட்டியில் என் வாடகை அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், கவுஞ்சியிலிருந்து வந்திருந்த பூண்டுக்கார அக்கா, அவரைத் தன் ஜீப்பில் கூட்டிவந்த அவருடைய தம்பி. அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. பறித்துத் தாளோடு கட்டிப்போட்ட பூண்டுக்குக் காவலாக ஊரிலேயே நின்றுவிட்டார். இன்னொன்றும் வரவில்லை. ஆனால் அது வராதது எனக்கும் அக்காவுக்கும் அந்த நேரம் தெரியாது. அது வந்துவிட்டது என்ற நினைப்பில் நான் மூன்று டம்ளர் டீ போட்டேன்.

ஜன்னல் திறந்திருந்தது. மழைக்கு முன்னால் அட்டுவம்பட்டியில் மேகம் ரோட்டில் நடக்காது, வீட்டுக்குள்தான் நடக்கும். அது என் மேசைமேல் ஏறி, கம்ப்யூட்டர் திரையில் மூச்சு விட்ட மாதிரி படர்ந்தது. நான் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து வேலை பார்த்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, தம்பி கொண்டுவந்த பென் டிரைவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ளயா தம்பி எல்லாம் இருக்கு?"

"எல்லாம் இருக்குக்கா," என்றேன்.

"நம்ம பதினோரு தட்டுமா?"

கவுஞ்சியில் அவர்களுடைய தோட்டம் படி படியாக இறங்கும். ஒவ்வொரு படியையும் அவர்கள் வீட்டில் தட்டு என்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இணையதளத்தில் ஒரு பக்கம். அந்தத் தட்டுப் பூண்டை அந்தப் பக்கத்திலேயே வாங்கலாம். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தளம் திறப்பதாகச் சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. விற்று முடிக்கச் சனிக்கிழமை மத்தியானம்வரைதான் கெடு. வருஷா வருஷம் லாரியோடு வந்து, கண்ணால் பார்த்து, தானே ஒரு விலை சொல்லிப் பூண்டை ஏற்றிப் போகும் வியாபாரியிடம் அக்கா இந்த முறை பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார், "இந்த வருஷம் உங்க லாரி வேணாம்ணே." அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "சரிம்மா. சனிக்கிழமை மத்தியானம் வந்து பாக்குறேன். மிச்சம் மீதி இருந்தா சொல்லு."

அந்தச் சிரிப்புத்தான் அக்காவை என் அறைவரைக்கும் கூட்டிவந்தது என்று நினைக்கிறேன்.

நான் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இந்தப் பக்கம் வந்தவர். இப்போது தாண்டிக்குடியில் காப்பித் தோட்ட வேலை. என் படிப்பு என்ன சோலிக்கு ஆகிறது என்று அவருக்கு விளக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். ஓட்டல்களுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறேன் என்றால், "அந்தப் பக்கமெல்லாம் எங்கன அடுக்கி வச்சிருக்கே?" என்பார். அவருக்கு அது சரக்கு அடுக்கும் கிட்டங்கி விஷயம். பொருள் என்றால் ஓரிடத்தில் இருக்கத்தான் வேண்டும்.

நான் சொன்னேன், "பக்கம்னு ஒண்ணு முழுசா எங்கயும் இல்லப்பா. சி.எம்.எஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு. அதுல எழுதுறதெல்லாம் டேட்டாபேஸ்ல வரிசை வரிசையா உக்காந்திருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். ஒண்ணை அழிச்சாலும் அந்த நம்பரை அடுத்ததுக்குக் குடுக்காது, அப்படியே காலியா விட்டுரும்."

அப்பாவுக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி நம்பர் கூப்பிடுவதை அவர்கள் லயத்தில் பெரட்டு என்பார்கள். "அப்ப நம்ம பெரட்ட விட நல்லதுதான். அங்கன எங்கப்பன் செத்த மக்காநாளே அவர் நம்பர வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க," என்றார். பிறகு காப்பிக்கொட்டையைக் கிளறப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் எந்தத் தளத்தில் ஒரு பதிவை அழித்தாலும், அந்த விட்டுப்போன நம்பரில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி தோன்றும்.

அக்காவுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. அவருடைய அடுப்படியில் உட்கார்ந்து சொன்னேன். எழுத்தும் விலையும் எடையும் டேட்டாபேஸில் இருக்கும். போட்டோ வேறொரு போல்டரில் கிடக்கும். நிறம், எழுத்தின் அளவு, எது மேலே எது கீழே என்பதெல்லாம் மூன்றாவது ஓரிடத்தில். யாராவது பக்கத்தைத் திறந்தால் மென்பொருள் மூன்றையும் அந்த நொடி சேர்த்துக் கொடுக்கும்.

"கேட்டாத்தான் சமைக்குமா?"

"ஆமாக்கா."

"நூறு பேரு ஒண்ணா வந்து கேட்டா?"

"ஒரு தடவை சமைச்சதை எடுத்து வச்சுக்கிட்டு அதையே எல்லாருக்கும் குடுக்கும்."

"அப்பப் பழைய சோறுன்னு சொல்லு." அக்கா சிரித்தார். "இந்த ஊர்க் குளிருக்குப் பழசு ஒத்துக்காது தம்பி. பாத்துக்க."

அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டு வளைவில்தான் வரும். அதனால் மென்பொருளையும் டேட்டாபேஸையும் அவருடைய லேப்டாப்புக்குள்ளேயே போட்டுக் கொடுத்தேன். ஒரு ஹோம்ஸ்டேக்காரர் கழித்துவிட்ட பழைய லேப்டாப் அது. பேட்டரி செத்துப்போய், வயர் சொருகியிருந்தால் மட்டும் உயிரோடு இருக்கும். ஊர் உலகத்தில் யாருக்கும் தெரியாமல் அந்தத் தளம் கவுஞ்சியில் அடுப்படிக்குப் பக்கத்தில் மாசக்கணக்கில் வளர்ந்தது. அக்கா வெள்ளனே எழுந்து, அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் எழுதினார். எடையும் விலையும் போட்டால் போதும் என்றேன்.

"அதத் தராசே சொல்லிருமே. நான் எதுக்கு?" என்றார்.

அவர் எழுதியதில் சில வரிகள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மூன்றாம் தட்டுக்கு எழுதியது: "இன்னைக்கு மேகம் இந்தத் தட்டுல மட்டும் எருமை மாதிரி படுத்துக்கெடக்கு. வெரட்டுனாலும் எந்திரிக்கல. பூண்டுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, அதுவும் தூங்குது." ஏழாவதுக்கு: "இங்க பல்லு சின்னதுதான். கோவக்காரப் பூண்டு. பாதி போட்டாப் போதும்." இப்படி எழுதுவதற்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. நான் எழுத்துப்பிழைகூடத் திருத்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், வளைவில் நின்ற அக்காவிடம் போனில் தெளிவாகச் சொன்னேன். இரண்டு பொருள் வரவேண்டும். ஒன்று, போட்டோக்களோடு இருக்கும் பெரிய போல்டர். இன்னொன்று, டேட்டாபேஸிலிருந்து எடுத்த ஒரே ஒரு சின்னக் கோப்பு. அக்கா வீட்டுக்கு இறங்கிப்போய், நான் சொன்னபடியே பட்டன் பட்டனாக அழுத்தி அந்தக் கோப்பை எடுத்துத் திரையிலேயே வைத்துவிட்டார். பென் டிரைவில் ஏற்றுகிற வேலை மட்டும் தம்பியிடம் போனது, ஏனென்றால் அக்காவின் கை முழுக்கப் பூண்டுத்தாள்.

எங்கே விட்டேன்? டீ ஆறிக்கொண்டிருந்தது. போல்டர் இணையத்தில் ஏறி முடிக்கவே சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தளத்தின் பெயரை அடித்துத் திறந்தேன். அக்கா கட்டிலிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். வெள்ளைத் திரையில் வணக்கம் என்று வந்தது. அதன் கீழே, உங்கள் தளத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள் என்று ஒரு காலிப் பெட்டி.

"என்ன தம்பி பேர் கேக்குது? பேருதான் அன்னைக்கே வச்சோமே."

நான் பென் டிரைவை மறுபடி திறந்து பார்த்தேன். போல்டர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏகப்பட்ட பாட்டு. சின்னக் கோப்பு இல்லை.

"அண்ணே, தனியா ஒரு ஃபைல் இருந்திருக்குமே?"

அக்காவின் தம்பி தலையைச் சொறிந்தார். "அதுவா? பெரிய மூட்டைய முதல்ல ஏத்துனேன் தம்பி. ஜீப்புல அப்படித்தானே ஏத்துவோம். பெருசு ஏறுனப்பறம் இடம் இருந்தா சில்லறைச் சாமான். இதுல இடம் இல்லைன்னு சொல்லிருச்சு."

"பாட்டை அழிச்சிருக்கலாம்லண்ணே."

"டூரிஸ்ட் கேப்பாங்கல்ல. அதுவும் அது இத்துனூண்டு ஃபைலு தம்பி, ஒரு போட்டோ அளவுகூட இல்ல. என்னமோ பில்லு போலன்னு விட்டுட்டேன்."

"ஏலே," என்றார் அக்கா மெதுவாக. "நான் எழுதுனதெல்லாம் அதுக்குள்ளயா இருந்துச்சு?"

நான் தலையாட்டினேன். மாசக்கணக்கில் விடியற்காலையில் எழுதியது, பதினோரு தட்டு, எடை, விலை, எருமை மாதிரி படுத்த மேகம், எல்லாம் சேர்த்து அந்தக் கோப்பின் கனம் ஒரு போட்டோவை விடக் குறைவு. அது உண்மைதான். எழுத்துக்கு அவ்வளவுதான் கனம். ஜீப்பில் ஏற்றிப் பழகிய யாராக இருந்தாலும் அதைத்தான் விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

வீட்டுக்காரர் தினமும் நாலு மணி வாக்கில் வளைவுக்கு ஏறி வருவார், ஜீப் திரும்புதா என்று பார்க்க. அந்த நேரத்துக்கு அக்கா போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"ஏங்க, வீட்டுக்குப் போயி லேப்டாப்பத் தொறங்க. திரையில ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அத உங்க போன்ல ஏத்தி இங்க அனுப்புங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"தெரியாட்டி நான் சொல்றேன். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் தொறந்து பாக்காதீங்க."

"ஏன், என்னையப் பத்தி எழுதியிருக்கியா?"

"உங்களப் பத்தி எழுத என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். பிறகு அவர் சொன்னார், "அது கெடக்கட்டும். இங்க கரண்டு இல்ல. பூம்பாறைக்கு இந்தப் பக்கம் பெரிய மரம் விழுந்து கம்பியையும் சேத்து இழுத்துப்போட்டுருச்சு. ரோடும் போச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வர வேணாம்னு சொல்லத்தான் ஏறி வந்தேன்."

அதோடு போன் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

"நான் வெரசாப் போயிப் பாக்கட்டாக்கா?" என்றார் தம்பி.

"மரத்து மேல ஜீப்பப் பறக்க விடுவியா?"

சென்னைக் குடியிருப்பில் ஆர்டர் சேர்க்கும் ஓர் அம்மாவிடம் நான் பேசினேன். நல்ல மாதிரியான அம்மா. ஆனால் எல்லோருக்கும் ஆறு மணி என்று செய்தி போய்விட்டது, வார நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள், திறந்தால் நாளைக்குத்தான் என்றார். அடுத்த வாரம் அங்கே வேறு யாரோ மாம்பழம் விற்கிறார்களாம்.

எழுத்து எங்கேயும் போகவில்லை. அழியவில்லை. கவுஞ்சியில், கரண்டில்லாத வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் மூடிய லேப்டாப்புக்குள் பத்திரமாக இருந்தது. எழுப்பத்தான் வழியில்லை. எனக்கு அன்றைக்கு அது பயமாகக்கூட இல்லை. மேகம் அறையை நிரப்பிவிட்டது. பக்கத்து வீட்டு லைட் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. பதினோரு தட்டும் அங்கே இருட்டில் சொல்லாக மடங்கிக் கிடக்கிறது, பதினோரு தட்டின் போட்டோவும் இங்கே என் அறையில் ஊமையாகக் கிடக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மரம்.

"போட்டோ இருக்குல்ல," என்றார் அக்கா. "நான் சொல்றேன், நீ புதுசா அடி."

அப்படித்தான் ஆரம்பித்தோம். போட்டோ போல்டரில் வெறும் எண்கள்தான் பெயர். எந்தப் போட்டோ எந்தத் தட்டு என்ற தொடர்பும் அந்தச் சின்னக் கோப்பில்தான் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். அக்கா மூக்குத்தி திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது முதத் தட்டு. பேரிக்கா மரம் தெரியுது பாரு."

அடுத்தது. "இது கடைசி. தண்ணித் தொட்டி."

அடுத்தது வெள்ளை. வெள்ளைக்குள் கொஞ்சம் பச்சை. அடுத்ததும் அப்படியே. அக்கா விடியற்காலையில் எடுத்த போட்டோக்கள். எழுதும்போது எடுத்தவை. எல்லாவற்றிலும் மேகம்தான் முன்னால் நின்றது, பூண்டு பின்னால். அவற்றைப் பார்க்கப் பார்க்க நாங்கள் தோட்டத்தைப் பார்க்கிற மாதிரி இல்லை, யாரோ தூக்கத்தில் கண்ட தோட்டத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு போட்டோவில் தாள்களின் நுனி மட்டும் மேகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் அதுவும் இல்லை. அக்கா அதில் நெடுநேரம் நின்றார்.

"இது அஞ்சா?" என்றார் தம்பி.

"அஞ்சுல ஏதுலே இம்புட்டுச் சரிவு? ஒம்பது."

"ஒம்பதுல கல்லுக்கட்டு இருக்கும்ல."

"மேகத்துக்குள்ள கல்லுக்கட்டு ஒனக்குத் தெரியுதோ?"

"அப்ப ஒனக்கு மட்டும் சரிவு தெரியுதா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "தெரியல தம்பி," என்றார் என்னிடம். "பொறந்ததுலேர்ந்து அந்த எறக்கத்துல எறங்குறேன். காலு சொல்லிரும், கண்ணு சொல்ல மாட்டேங்குது."

எதையாவது ஒன்றை வைத்துவிடலாம், பூண்டு எல்லாம் உங்களுடையதுதானே என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தட்டுப் பூண்டு போல இன்னொன்று இருக்காது என்றுதான் இத்தனை மாசமாக எழுதியது. இப்போது மாற்றி வைத்தால் எழுதியது பொய் என்று ஆகிவிடும். சரி, போட்டோ இல்லாமல் போடலாமா என்றேன். அதற்கும் யோசித்தார். எந்தத் தட்டில் எத்தனை கிலோ என்பது வீட்டுக்காரர் நிறுத்துச் சொல்லச் சொல்ல இவர் நேராக லேப்டாப்பில் ஏற்றியது. எல்லாம் மனசில் இல்லை.

"குத்துமதிப்பாப் போட்டு, காசு வாங்கிட்டு, அப்புறம் இல்லைன்னு சொல்ல என்னால ஆகாது. உறுதியாத் தெரிஞ்சத மட்டும் போடு."

உறுதியாகத் தெரிந்தது நாலு தட்டு. அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முன்னால் எழுதியதையே சொல்லப் பார்த்தார், வரவில்லை. "அன்னைக்கி வந்த வார்த்த அன்னைக்கித்தான்," என்று விட்டுவிட்டு வேறு மாதிரி சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் நாலு பக்கமும் தயார். மீதி ஏழுக்கு, மரம் விழுந்து கரண்டு போனதையும், கரண்டு வந்ததும் அவை வரும் என்பதையும் அக்காவே சொல்லி ஒரு வரி போடச் சொன்னார். அன்றிரவு அவர்கள் இருவரும் ஊருக்குள் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள்.

காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே அக்கா வந்துவிட்டார். தலையில் துண்டு, கையில் பன். திறந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஆர்டர் வந்ததென்று என் போன் ஒரு தரம் மணி அடித்தது. பிறகு மறுபடி. ஒவ்வொரு மணிக்கும் அக்கா, "இது எந்தத் தட்டு?" என்று கேட்டார். எட்டு மணிக்கு நாலு தட்டும் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறமும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருகிறவர்கள் எண்ணிக்கை எனக்குத் திரையில் தெரியும். தீர்ந்துவிட்டது என்பதைப் பார்த்தார்கள், மரம் விழுந்த வரியைப் பார்த்தார்கள், போனார்கள். ஜன்னல் வழியாகத் திருவிழாக் கூட்டம் கலைவதைப் பார்க்கிற மாதிரி நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் வளைவிலிருந்து கூப்பிட்டார். விடியற்காலையிலேயே மரத்தை அறுத்துவிட்டார்களாம். கரண்டும் வந்துவிட்டதாம். கோப்பைப் போனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எந்தப் பட்டன அமுக்கணும்? அம்பு மாதிரி ஒண்ணு இருக்கு, அதா?"

"அதத்தான். அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். அமுக்குனேனா?"

வந்துவிட்டது. காலை வணக்கப் படத்தை விடச் சின்னது. காலையில் வந்த ஆர்டர்களை அழிக்காமல் பழைய எழுத்தை உள்ளே சேர்க்க எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. பக்கத்தைப் புதுப்பித்தபோது, மேலிருந்து கீழாக ஒவ்வொரு தட்டாக வந்தது. போட்டோ தன் சொல்லைக் கண்டுபிடித்துப் போய் ஒட்டிக்கொண்டது. நெடுநேரம் பார்த்தோமே, அந்த வெறும் வெள்ளைப் போட்டோ, அது ஐந்தும் இல்லை ஒன்பதும் இல்லை, மூன்றாம் தட்டு. எருமை படுத்திருந்த நாள். அக்கா அதைப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. தம்பியும் படித்தார், "நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார், இதுவரை படித்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சென்னை அம்மா மறுபடி செய்தி போட்டார். சிலர் திரும்பி வந்தார்கள். பலர் அதற்குள் கடைக்குப் போய்விட்டார்கள். மூன்று தட்டுக்குத்தான் ஆள் கிடைத்தது.

மத்தியானம் வளைவிலிருந்து இன்னொரு அழைப்பு. லாரி வந்து நின்றுவிட்டது. வியாபாரி போனை வாங்கிப் பேசினார். "என்னம்மா, கம்ப்யூட்டருக்கும் கரண்டு வேணுமாமே?" அந்தச் சிரிப்பு எங்கள் அறைவரை கேட்டது. அக்கா திரையில் மிச்சமிருந்த நாலு தட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவருகிட்டக் குடுங்கண்ணே," என்றார். வீட்டுக்காரர் வாங்கியதும், "மிச்சத்த மட்டும் நிறுத்துக் குடுத்துருங்க. ஏழு தட்டு நாமளே வித்துட்டோம்னு அவருக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டுக் குடுங்க."

மிச்சம் நூற்று இருபது கிலோ. தளத்தில் போட்ட விலையை விடக் கிலோவுக்கு நூற்றுப் பத்து ரூபாய் குறைத்துத்தான் லாரி எடுத்தது. நட்டம் மொத்தம் பதிமூவாயிரத்து இருநூறு ரூபாய்.